வாக்குரிமை: முப்பது அட்டைகளில் ஒரு வரலாறு

(ராஜா அண்ணாமலைபுரத்தில் நடைபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘18 வயது நிறைந்த குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு.’ பாடத்தில் இது ஒரே வரி. மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அந்த வரி படிப்படியாக வந்த கதையைக் காட்ட, என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு செயல்பாடு செய்தேன்.

முப்பது மாணவர்கள், ஆளுக்கோர் அட்டை: ஜமீன்தார், நெசவாளி, கூலித் தொழிலாளி, சொத்துள்ள விதவை, 19 வயது இளைஞன் என்று. நான் ஆண்டைச் சொன்னதும், வாக்குரிமை உள்ளவர் எழ வேண்டும்.

1920 என்றேன். அன்றைய சென்னை மாகாணத் தேர்தலில் சொத்து, வரித் தகுதியுள்ள ஆண்களுக்கே வாக்கு. இருவர் எழுந்தார்கள்.

1921 என்றேன். சொத்துள்ள விதவை எழுந்தாள். மாகாணங்களில் முதலில் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது சென்னைதான். ஆனால் சொத்து நிபந்தனை நீங்கவில்லை. அந்த உரிமையும் கேட்காமல் வரவில்லை. நாம் கூடியிருக்கும் இடத்திலிருந்து ஆற்றைக் கடந்தால் அடையாறு. 1917இல் இந்திய மாதர் சங்கம் அங்கேதான் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டார்கள்.

1935ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இன்னும் சிலர் எழுந்தார்கள். 1951-52 முதல் பொதுத்தேர்தல் என்றதும் வகுப்பே எழுந்தது. இளைஞன் மட்டும் உட்கார்ந்திருந்தான். அப்போது வயது வரம்பு 21. அவன் 1989இல் எழுந்தான்.

பிறகு, முதல் தேர்தலுக்கே திரும்பி, சில மாணவிகளை உட்காரச் சொன்னேன். அப்போது பெரும்பாலும் வட மாநிலங்களில், ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் மகள்’ என்று மட்டுமே பதிந்திருந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

“சட்டம் கொடுத்த பிறகும் ஏன் சார் உட்காரணும்?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

எனக்கு ஒரு தேர்தல் பணி நினைவுக்கு வந்தது. பட்டியலில் பெயர் இல்லாத மூதாட்டி ஒருவரைத் திருப்பி அனுப்பினேன். “போன தடவை போட்டேனே, தம்பி” என்றார். விதிப்படி நான் செய்தது சரி. ஆனாலும் அவர் படியிறங்கியது கண்ணிலேயே நிற்கிறது.

பட்டியல் பணிக்கு வீடு வீடாகச் செல்பவர்களில் நம்மவர் பலர். கூடுதல் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெயர் விடுபட்டால், எழுந்தவர் ஒருவர் மீண்டும் உட்கார நேரும். இந்தச் செயல்பாட்டை உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். கடைசியில், வீட்டுப் பெரியவர்களின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லுங்கள்.