செப்பேடு படித்த பேராசிரியர்

திருமலை அடிவாரத்து அலிபிரியில் படியேறத் தொடங்கும்போதே தெலுங்குக் கவி அன்னமாச்சாரியாரின் பாட்டு காதில் விழும். 15ஆம் நூற்றாண்டில் அவர் பாடியவை 2,000-க்கும் மேற்பட்ட செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, திருமலைக் கோயிலில் ஓர் அறைக்குள் நெடுங்காலம் கிடந்தன.

அவற்றை அச்சுக்குக் கொண்டுவந்த பதிப்பாசிரியர்களில் ஒருவர் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா. மைசூர் மகாராஜா கல்லூரியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தெலுங்கு கற்பித்தவர். ஓய்வெடுக்க வேண்டிய வயதில், 1950-ஐ ஒட்டி, திருப்பதிக்கு வந்து இந்தப் பொறுப்பை ஏற்றார்.

லேசான வேலையா அது? செப்பேட்டில் சொற்கள் இடைவெளியின்றி ஓடும். எங்கே பிரிப்பது, எது பொறித்தவரின் பிழை, எது பழைய வழக்கு என்று வரிக்கு வரி முடிவெடுக்க வேண்டும். ராகத்தின் பெயர் இருக்கும், ஸ்வரக் குறிப்பு இருக்காது. தெலுங்கும் வடமொழியும் இசையும் அறிந்த சர்மா, பதிப்பித்ததோடு நிற்காமல் 100-க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையும் அமைத்தார். 1974இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. இளமையில் கற்ற ஒவ்வொன்றும் இந்த இரண்டாவது தொழிலுக்கு உதவியது என்பதே என் எண்ணம்.

தமிழிலும் அச்சேறாத சுவடிகள் ஏராளம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களே, சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ தஞ்சை சரசுவதி மகாலுக்கோ ஒருமுறை போய்ப் பாருங்கள். சுவடி படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.