போலீஸ் பந்து கொண்டு வந்தால் பிள்ளையை அனுப்பலாமா?

(கேமரன் மலை தேயிலைத் தோட்டப் பெற்றோர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து உங்கள் பிள்ளை ஓர் அனுமதி பாரத்தைக் கொண்டு வருகிறான். "அப்பா, போலீஸ் நடத்துற கால்பந்துப் பயிற்சி, கையெழுத்து போடுங்க" என்கிறான். நீங்கள் கையெழுத்து போடுவீர்களா, மாட்டீர்களா?

சிலர் "போலீஸ் சகவாசமே நமக்கு வேண்டாம்" என்பீர்கள். வேறு சிலர் "போலீஸ் பார்வையில் இருந்தால் பையன் கெட்டுப்போக மாட்டான்" என்பீர்கள். இரண்டு பேச்சுக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் கையெழுத்து போடுவதற்கு முன்பு நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

முதலில் நம் நிலைமையைப் பார்ப்போம். 1929-ல் போ தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையில் தேயிலை பறித்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். இன்று பல மலைச் சரிவுகளில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். ஆனாலும் சுங்கை பாலாஸ், ஹாபு, ரிங்லெட் பக்கங்களில் நம் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அப்பாவும் அம்மாவும் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்புகிறார்கள். பிள்ளை பள்ளி முடிந்து வரும்போது வீட்டில் ஆள் இல்லை. மதியம் முதல் மாலை வரை அவனை யார் பார்ப்பது?

பள்ளியிலேயே விளையாட்டும் சங்கங்களும் இருக்கின்றன என்பீர்கள். ஆனால் தானா ராத்தாவுக்கோ ரிங்லெட்டுக்கோ இடைநிலைப்பள்ளிக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளை, மாலைப் பயிற்சிக்குத் தங்கினால் வீடு திரும்ப என்ன செய்வான்? பஸ்ஸை விட்டால் மலைப்பாதையில் இருட்டில் நடக்க வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளிகளில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உரியது. பட்டணத்துப் பிள்ளைக்குச் சுலபமாகக் கிடைக்கும் அந்தப் புள்ளிகள், பஸ் இல்லாத காரணத்தால் நம் பிள்ளைக்கு நழுவிப் போகின்றன. ஆகவே யாராவது பந்தும் பயிற்சியாளரும் கொண்டு வந்தால் நமக்கு ஆசை வருவது நியாயமே.

போலீஸ் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுப்பது இன்று நேற்று தொடங்கியதல்ல. அமெரிக்காவில் நியூயார்க் நகரில் 1914-ல் போலீசார் இதைத் தொடங்கினார்கள். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிகளில் விளையாட்டுத் திடல் கிடையாது. தெருவில் விளையாடிய பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவதற்குப் பதிலாக, சில தெருக்களில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1937-ல் போலீஸ் இளைஞர் கழகம் தொடங்கியது. இன்றும் அது நடக்கிறது.

நம் இனத்தவர் வாழும் இடங்களையும் பாருங்கள். சென்னையில் குடிசைப் பகுதிகளில் போலீஸ் நடத்தும் சிறுவர் சிறுமியர் மன்றங்கள் இருக்கின்றன. கேரம், குத்துச்சண்டை, கால்பந்து, மாலை நேரப் படிப்பு எல்லாம் அங்கே உண்டு. 2022-ல் சென்னை போலீஸ் 'சிற்பி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 100 பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிக்கும் 5,000 மாணவர்களை அதில் சேர்த்தார்கள். கேரளாவில் 2010-ல் மாணவர் போலீஸ் படை தொடங்கியது. அதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பள்ளியில் அந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இருப்பவர்கள் அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள். போலீஸ் பயிற்சி கொடுக்கிறது, ஆனால் பிள்ளை ஆசிரியரின் கையில் இருக்கிறான்.

நம் நாட்டிலும் பல இடைநிலைப்பள்ளிகளில் போலீஸ் கேடட் படை இருக்கிறது. பள்ளிகளுக்கென்று போலீஸ் தொடர்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். போதைப்பொருள், குண்டர் கும்பல், பகடிவதை பற்றி வந்து பேசுகிறார்கள். இதிலெல்லாம் தவறு இல்லை. நம் பிள்ளை அந்தச் சீருடையைப் போட்டு நிமிர்ந்து நடப்பதைப் பார்த்தால் நமக்கும் பெருமைதான். போலீஸ் படையில் நம்மவர்கள் குறைவு என்று ஆண்டுக்கணக்காகக் குறைப்பட்டுக் கொள்கிறோம். கேடட் படை அதற்கு ஒரு வழியாகலாம்.

பிறகு ஏன் நம் தாய்மார்களுக்குப் போலீஸ் என்றதும் வயிற்றில் புளி கரைகிறது? அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் தடுப்புக் காவலில் குகன் இறந்தபோது அவருக்கு வயது 22. அவர் குடும்பம் வழக்குப் போட்டது. போலீசாரும் அரசாங்கமும் பொறுப்பு என்று 2013-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2005-ல், அரச விசாரணை ஆணையம் போலீஸ் படையைச் சீர்திருத்த 125 பரிந்துரைகளைச் சொன்னது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கச் சுயேச்சையான ஆணையம் வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2022-ல் ஒரு சட்டம் வந்தது. 2023 ஜூலை முதல் அந்த ஆணையம் செயல்படுகிறது. ஆனால் தவறு செய்த போலீஸ்காரரைத் தண்டிக்கும் அதிகாரம் அதற்குத் தரப்படவில்லை. விசாரித்துப் பரிந்துரைக்க மட்டுமே முடியும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. உறுப்பினர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியர்கள் என்றது. அதே ஆண்டு குற்றத் தடுப்புச் சட்டத்தில் திருத்தம் கொண்டு வந்து, விசாரணை இல்லாமல் இரண்டு ஆண்டுகள் வரை தடுத்து வைக்க வழி செய்தார்கள். அந்த நாளிலிருந்து கையில் பச்சை குத்திய, நான்கு நண்பர்களோடு கடை முன்னால் நிற்கும் நம் பையன் ஒவ்வொருவனும் சந்தேகப் பார்வைக்கு ஆளாகிறான். தோட்டத்தில் இன்னும் ஒரு பயம் கூடுதல். குடியிருக்கும் வீடு தோட்டத்து வீடு. பையன் வம்பில் மாட்டினால் வேலையும் வீடும் போய்விடுமோ என்று தகப்பன் நடுங்குகிறார்.

ஆகவே போலீஸ் பந்து கொண்டு வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இவர்கள் பிள்ளைக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுக்க வருகிறார்களா, அல்லது பிள்ளைகளைக் கணக்கெடுக்க வருகிறார்களா? திடலில் "உன் அண்ணன் யாரோடு சுற்றுகிறான்? எந்த வீட்டில் சாராயம் விற்கிறார்கள்?" என்று ஒரு 14 வயதுப் பையனைக் கேட்டால், அது பயிற்சி அல்ல, விசாரணை. அவன் சொல்லும் பதிலால் அண்ணனுக்கு ஆபத்து வரலாம். காட்டிக் கொடுத்தவன் என்று பெயர் எடுத்தால் அவனுக்கே ஆபத்து வரலாம்.

என் கருத்தைச் சொல்கிறேன். பிள்ளையை அனுப்புங்கள். ஆனால் நிபந்தனையோடு அனுப்புங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இந்த ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள்.

ஒன்று, பயிற்சி பள்ளித் திடலிலோ தோட்டத்துத் திடலிலோ நடக்க வேண்டும். போலீஸ் நிலையத்தில் வேண்டாம். ஓர் ஆசிரியரும் ஒரு பெற்றோரும் எப்போதும் உடனிருக்க வேண்டும்.

இரண்டு, பிள்ளையின் பெயர், வயது, அவசரத் தொலைபேசி எண் தவிர வேறு விவரம் எடுக்கக் கூடாது. நண்பர்கள் யார், உறவினர் யார் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. பெற்றோர் அனுமதி இல்லாமல் படம் பிடிக்கக் கூடாது.

மூன்று, வீடு திரும்ப வண்டி வேண்டும். வண்டி இல்லாத திட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான திட்டமே அல்ல.

நான்கு, "முரட்டுப் பிள்ளைகள்" என்று பொறுக்கி எடுத்துச் சேர்க்கக் கூடாது. எல்லா இனப் பிள்ளைகளும் சேர வேண்டும், பெண் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும். நம் பையன்களை மட்டும் தனியாகக் கூட்டினால், திடலில் இறங்கும் முன்பே அவர்கள் நெற்றியில் முத்திரை குத்தியாகிவிட்டது.

ஐந்து, புகார் இருந்தால் யாரிடம் சொல்வது என்பது முதல் நாளே தெரிய வேண்டும்.

இதோடு சட்டத்தையும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி 18 வயது நிறையாதவர் சிறார். அவரைக் கைது செய்தால் பெற்றோருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். பெரியவர்களோடு ஒரே அறையில் அடைக்கக் கூடாது. கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்பு கொள்ள விட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இதைச் சொல்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று கலங்காதீர்கள். தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் உதவி செய்து வருகிறது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் மைகாட்டும் ஒழுங்காக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 12 வயதில் மைகாட் எடுக்க வேண்டும். பத்திரம் இல்லாத பிள்ளைக்கு எந்த உரிமையைக் கேட்டு வாங்குவதும் கஷ்டம்.

பெற்றோர்களே, நம் பிள்ளைகளுக்குத் திடல் கொடுப்பது போலீசின் கடமை மட்டுமல்ல. தோட்ட நிர்வாகத்துக்கும், பள்ளிக்கும், மாவட்ட இளைஞர் விளையாட்டு இலாகாவுக்கும், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய பிரதிநிதிகளுக்கும் அந்தக் கடமை உண்டு. அவர்கள் செய்யாததால்தான் போலீஸ் பாரத்துக்காகக் காத்திருக்கிறோம். ஆகவே அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குத் தனித்தனியாகப் போகாதீர்கள். லயத்துக்கு இரண்டு பேராவது சேர்ந்து போங்கள். ஐந்து நிபந்தனைகளையும், மாலை பஸ் கோரிக்கையையும் ஒரே கடிதத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, தலைமையாசிரியரிடம் கொடுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வையுங்கள். மலாயில் எழுதத் தயங்கினால் எங்களிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

பிள்ளையின் பாரத்தில் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு.