ஜுரத்துக்கும் கணக்கு வேண்டும்

(தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐப்பசி மழை பிடித்தால் வீட்டுக்கு வீடு இருமலும் ஜுரமும்தான். "வருஷா வருஷம் வருவதுதானே, இதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் நம்மைக் கேட்கிறார்கள். வருஷா வருஷம் வருகிறது என்பதாலேயே அது அற்பமாகிவிடாது. புளூ ஜுரம் முற்றி, மூச்சுக் கோளாறால் ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை உலகில் மடிகிறார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. வயோதிகர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், ஆஸ்துமாவும் சர்க்கரை வியாதியும் உள்ளவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம்.

இந்த ஜுரத்துக்கும் நம் ஊருக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1957 மே மாத மத்தியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலில் நோயாளிகள் இருந்தனர். அங்கிருந்து கிளம்பிய ஜுரம் சுமார் மூன்று மாதத்தில் தேசம் முழுவதும் பரவிவிட்டது. 1958 பிப்ரவரி வரை கணக்கில் வந்தவர்கள் 44 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் 1,098 பேர். "கணக்கில் வந்தவர்கள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கணக்கில் வராதவர்கள் எத்தனை பேர்? அதை யார் சொல்ல முடியும்?

ஆகவே, கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2004-ம் ஆண்டு முதல் மாவட்டந்தோறும் நோய்க் கண்காணிப்புத் திட்டம் நடந்து வருகிறது. கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் பார்த்து, ஜுரம் கண்டவர்களை எழுதிக்கொள்கிறார். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், நோய்க் குறி பார்த்துத் தாம் தீர்மானித்ததைத் தெரிவிக்கிறார். பரிசோதனைச் சாலை, உறுதியானதைத் தெரிவிக்கிறது. மூன்றும் மாவட்ட அலுவலகத்தில் சேர்கின்றன. முன்பு காகிதத்தில் போனது இப்போது கணினி வழியாகப் போகிறது. ஒரு தெருவில் வழக்கத்துக்கு மேல் ஜுரம் ஏறினால் அங்கே முகாம் போடுவதற்கு இந்தக் கணக்குத்தான் ஆதாரம்.

"எல்லோருக்கும் ஏன் பரிசோதனை செய்யவில்லை?" என்று கேட்கிறீர்கள். அது அவசியமில்லை. லேசான ஜுரத்துக்கு வீட்டில் ஓய்வு போதும். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு, பரிசோதனைக்குக் காத்திராமலே டாக்டர் மருந்து கொடுக்கலாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, அரை மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலம் பாய்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பரிசோதனையும் அங்கே செய்வார்கள். இதைத் தவிர, தேர்ந்தெடுத்த சில ஆஸ்பத்திரிகளில் சில நோயாளிகளின் சளியை எடுத்து, எந்த ரகக் கிருமி உலவுகிறது என்று பார்க்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே விஞ்ஞானமாகிறது.

ரகம் எதற்கு? இந்தக் கிருமி ஆண்டுக்கு ஆண்டு உருமாறுகிறது. 1952-ல் தொடங்கிய உலகக் கண்காணிப்பு வலை பல நாட்டு மாதிரிகளையும் ஒப்பிடுகிறது. அதைக் கொண்டு பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் புதிய தடுப்பூசியில் எந்த ரகங்கள் சேர வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். நம் பக்கத்துத் தெருவில் எடுத்த சளியும் அந்த முடிவுக்கு உதவலாம்.

ஆனால் இந்த வலையில் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. தனியார் வைத்தியர்களிடமிருந்து கணக்கு முழுமையாக வருவதில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை எது? ஜுரத்தோடு வேலைக்குப் போகிற தொழிலாளி! "ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு" என்று நமது சகோதரிகள் சொல்வதை நாம் தினமும் கேட்கிறோம். கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஷிப்டுக்குப் போகிறவர் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு ஜுரத்தைக் கொடுக்கிறார். கணக்கோ "ஜுரம் குறைவு" என்கிறது. அந்தக் கணக்கை நம்பினால் மருந்தும் முகாமும் எப்படி வரும்?

ஆகவே நாம் செய்ய வேண்டியவை இவை:

செவிலியர் வரும்போது ஜுரத்தை மறைக்கக் கூடாது. இருமுகிறவர் வாயை மூட வேண்டும். கை கழுவ வேண்டும். புளூ ஜுரத்துக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையால் பயனில்லை. டாக்டர் சொல்லாமல் அதை விழுங்கக் கூடாது.

நாம் கேட்க வேண்டியவை: ஜுரம் கண்ட தினக்கூலித் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு, காலியான செவிலியர் இடங்களை உடனே நிரப்புதல், நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லாத புளூ ஊசியை, ஆபத்து அதிகமுள்ள ஏழைகளுக்கு இலவசமாகப் போடுதல், வார்டுவாரியான ஜுரக் கணக்கை வாரந்தோறும் ஜனங்கள் பார்க்கும்படி எழுதி வைத்தல்.

வருகிற வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மனுக் கொடுக்கப் போகிறோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவராவது வந்து கையெழுத்திடுங்கள்.