யாருக்கு அது பொற்காலம்?

(கோவில்பட்டி வட்டாரத்துக் கிராமம் ஒன்றில், வாலிபர்களின் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



"உங்கள் சிறுவயது நினைவுகளைப் பற்றிப் பேசுங்கள்" என்று இங்குள்ள வாலிபத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். கட்சி ஊழியனுக்கு இப்படியொரு தலைப்பா என்று முதலில் தயங்கினோம். பிறகு யோசித்துப் பார்த்ததில், இது பேசவேண்டிய விஷயம்தான் என்று தோன்றியது.

என்ன காரணம்? இன்று கைப்பேசியைத் திறந்தால் பம்பரத்தின் படம் வருகிறது. கிட்டிப்புள்ளின் படம் வருகிறது. மண் அடுப்பின் படம் வருகிறது. கீழே ஒரு வாசகம்: "அந்தக் காலம் போல வருமா?" பத்து வயதுப் பையனும் இதைப் பார்க்கிறான். அந்தக் காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாகவும் சந்தோஷமாகவும் வாழ்ந்தார்கள், நடுவில் ஏதோ கெட்டுப்போயிற்று என்று எண்ணிக்கொள்கிறான். இந்த எண்ணம் சரிதானா? அதைத்தான் இன்று பார்க்க வேண்டும்.

இன்பம் இருந்தது, பொய்யில்லை

நாங்கள் சிறுவர்களாக இருந்தது 1980-களில். எங்கள் ஊர் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986-ல்தான் சிதம்பரனார் மாவட்டம் பிரிந்தது. கரிசல் பூமி, வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பும் சோளமும் பருத்தியும் விளையும். பெய்யாவிட்டால் வேலிக்கருவையை வெட்டிக் கரி மூட்டம் போட்டு வயிறு வளர்க்க வேண்டும்.

அந்தப் பூமியிலும் எங்களுக்கு இன்பம் இருந்தது. ஐப்பசி மழையில் கரிசல் மண் காலில் அப்பிக்கொண்டு, ஆளுக்கு அரை சாண் உயரம் கூடிவிடும். கண்மாய் நிறைந்தால் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் இருக்க மாட்டோம். பம்பரம், கோலி, பச்சைக் குதிரை என்று பருவத்துக்கு ஒரு விளையாட்டு. தீப்பெட்டி லேபிள்கள்தான் எங்களுக்குச் சீட்டுக் கட்டு. ஐந்து பைசா இருந்தால் கடலைமிட்டாய். அந்தக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது, வாயில் அந்தப் பழைய ருசி வந்து நின்றது!

சாயங்காலமானால் பஞ்சாயத்து ரேடியோ. திருநெல்வேலி வானொலி நிலையத்தின் விவசாய நிகழ்ச்சியைப் பெரியவர்கள் கேட்பார்கள். இலங்கை வானொலியின் பாட்டை நாங்கள் கேட்போம். வீட்டில் அடுப்புப் பற்றவைக்க வேண்டுமென்றால் அம்மா ஒரு சிரட்டையைக் கொடுத்து, "பக்கத்து வீட்டுல கங்கு வாங்கிட்டு வாங்கய்யா" என்பாள். எந்த வீட்டிலும் இல்லையென்று சொன்னது கிடையாது.

இந்த நினைவுகளைக் கேலி செய்ய நாம் இங்கு வரவில்லை. உழைக்கும் ஜனங்களுக்கும் இனிய நினைவுகள் உண்டு. அவை அவர்களுடைய சொத்து.

ஆனால் அந்தக் கங்கை ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். எங்கள் வட்டாரம் எது? தீப்பெட்டி செய்து தேசம் முழுவதற்கும் அனுப்பும் வட்டாரம்! அந்த ஊரிலே, ஒரே ஒரு குச்சியை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு தாய் சிரட்டையில் நெருப்பு வாங்கிவரச் சொல்கிறாள். இன்று படத்தில் பார்க்கும்போது அது அண்டை வீட்டு அன்பு. அன்பு இருந்தது வாஸ்தவம். அதற்குள் வறுமையும் இருந்ததே, அதை யார் சொல்வது?

அக்கா சொன்ன பதில்

இந்தக் கூட்டத்துக்கு என்ன பேசலாம் என்று யோசித்தபோது, எங்கள் மூத்த அக்காவிடம் போய் உட்கார்ந்தோம். அவளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. எங்களைவிட ஞாபகசக்தி அதிகம். "அக்கா, சின்ன வயசுல நீ என்ன விளையாடுவே?" என்று கேட்டோம்.

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "எனக்கு என்னய்யா விளையாட்டு? நீங்க விளையாடுறத ஞாயித்துக்கெழம பாத்திருக்கேன்."

தோழர்களே, நாற்பது வருஷமாக எங்கள் சிறுவயதை நாங்கள் நினைத்து நினைத்து மகிழ்ந்திருக்கிறோம். அந்தச் சித்திரத்தில் அக்கா எங்கே இருந்தாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை!

அவள் எங்கே இருந்தாள்? விடியற்காலை நாலு மணிக்கு ஊர் முனையில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து நிற்கும். ஹாரன் சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வீடு பெண் குழந்தைகளை உலுக்கி எழுப்புவார்கள். தூக்கக் கலக்கத்தோடு தூக்குச்சட்டியில் கம்மங்கூழை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். திரும்பி வரும்போது இரவு ஏழு மணி. போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. சூரியனை அவர்கள் ஆபீஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார்கள்.

அங்கே என்ன வேலை? கட்டை அடுக்குதல். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய பட்டைகளில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். பட்டைமேல் பட்டை வைத்துச் சட்டத்தில் இறுக்க வேண்டும். பிறகு குச்சிகளின் முனையை மெழுகிலும் மருந்திலும் முக்குவார்கள். கட்டைக்கு இத்தனை பைசா என்று கூலி. ஒரு குச்சி கோணினாலும் கூலி குறையும். குளோரேட்டும் கந்தகமும் கலந்த அந்த மருந்து வாடை, குளித்தாலும் போகாது. அக்கா பக்கத்தில் படுத்தால் எங்களுக்கு அந்த வாடை அடிக்கும். அதுதான் அக்காவின் வாசனை என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

ஐந்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. ஏன்? ஒரு வருஷம் மழை பொய்த்தது. அய்யா ஏஜண்டிடம் முன்பணம் வாங்கினார். முன்பணம் கழியும்வரை பிள்ளை வேலைக்கு வரவேண்டும். அது கழிவதற்குள் அடுத்த பஞ்சம்; அடுத்த முன்பணம். அந்தப் பணத்தில்தான் எங்களுக்குச் சிலேட்டு வந்தது; கால்சட்டை வந்தது. தம்பிமார் நாங்கள் இருவரும் பத்தாவது தேறியது அக்காவின் விரல்களால்தான். எங்கள் பம்பரக் கயிற்றுக்குக் காசு கொடுத்ததும் அந்த விரல்கள்தான்!

ஊருக்கு ஒரு வாக்கு

பெற்றவர்களைக் குறை சொல்லிவிடலாம், அது சுலபம். அய்யாவுக்கு மகள்மேல் பாசம் இல்லையா? இருந்தது. பாசத்தால் கண்மாய் நிறையுமா?

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்றுவந்தார்கள். காய்ந்த பூமிக்கு ஒரு தொழில் கிடைத்தது. பல குடும்பங்கள் பிழைத்தன. இதை மறுக்க முடியாது. "குட்டி ஜப்பான்" என்று பெருமையாகப் பேரும் வந்தது. ஆனால் அந்தப் பெருமைக்குக் கீழே எத்தனை பிஞ்சுக் கைகள்! "சின்னப் பிள்ளை விரல்தான் குச்சியை நேர்த்தியாக அடுக்கும்" என்று ஒரு வாக்கு அன்று ஊரில் உலவியது. பெரியவர்களே அதை நம்பினார்கள். விரலின் நேர்த்தியா காரணம்? கூலியின் மலிவுதான் காரணம்!

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பதினான்கு வயது முடியாதவர்களைத் தீப்பெட்டி போன்ற ஆபத்தான தொழில்களில் அமர்த்தக்கூடாது என்றது. அந்த வருஷம் அக்காவுக்குப் பதினான்கு வயது முடிந்தது. சட்டம் அவளைத் தேடி வந்தபோது, சட்டப்படி அவள் குழந்தையே அல்ல!

சட்டத்தில் ஒரு சந்தும் இருந்தது. குடும்பத்தார் சேர்ந்து செய்யும் வேலைக்குத் தடையில்லை. ஆகவே வேலை வீட்டுக்குள் வந்தது. சிம்னி விளக்கைச் சுற்றி அம்மாவும் அக்காமாரும் நாங்களும் உட்கார்ந்து பெட்டி ஒட்டினோம். 144 பெட்டி ஒரு குரோஸ். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும். அந்தக் கையோடு சோற்றைத் தொட்டால் அம்மா அடிப்பாள். இலங்கை வானொலிப் பாட்டைக் கேட்டோம் என்று சற்றுமுன் சொன்னோமே, அதைச் சும்மா உட்கார்ந்து கேட்கவில்லை. பெட்டி ஒட்டிக்கொண்டேதான் கேட்டோம். நினைவு பாட்டை வைத்துக்கொண்டது, பசையை உதறிவிட்டது!

பாதி முட்டை

1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் பரவிய மதிய உணவின் தொடர்ச்சி அது. அந்தச் சோறுதான் எங்களைப் பள்ளிக்கூடத்தில் பிடித்து வைத்தது என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறோம். 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று வந்தது. முதல் முட்டை போட்ட அன்று, எங்களில் இளையவன் பாதியைத் தின்று, பாதியைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சாயங்காலம் வரை விளையாடினோம். இரவு அக்கா வந்ததும் எடுத்துக் கொடுத்தான். அது நசுங்கி, மண் ஒட்டிக் கிடந்தது. அக்கா துடைத்துத் தின்றாள். "நல்லாருக்குய்யா" என்றாள். பள்ளிக்கூடத்து முட்டையில் அவளுக்குக் கிடைத்த பங்கு அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். "ஊரே ஒரு குடும்பமாக இருந்தது" என்கிறார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு வகை டம்ளர் இருந்தது. எங்களோடு ஒரே பெஞ்சில் படித்த பையன், கடையில் தனி டம்ளரில் குடித்து, அதைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவான். ஊருணியில் அவன் வீட்டார் இறங்க முடியாது. நாங்கள் தினமும் பார்த்தோம். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்களுக்கு அது வேப்பமரம் மாதிரி, எப்போதும் இருக்கிற ஒன்றாகத் தெரிந்தது. இந்தத் தவறை ஒப்புக்கொள்ளாமல் பால்யத்தைப் பற்றிப் பேசும் யோக்கியதை எங்களுக்கு இல்லை. அந்தப் பையனிடம் போய், "அந்தக் காலம் போல வருமா?" என்று கேட்டுப் பாருங்கள்!

எப்படி மாறியது?

அந்த நாலு மணிப் பஸ் தானாக நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சோறு ஒரு பக்கம் இழுத்தது. வீடு வீடாக வந்து பிள்ளைகளைக் கூப்பிட்ட ஆசிரியர்கள் ஒரு பக்கம். தொழிற்சங்கங்களும் மாதர் இயக்கமும் ஒரு பக்கம். 1996-ல் சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நஷ்ட ஈடு கட்டவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2016-ல் சட்டம் திருத்தப்பட்டு, பதினான்கு வயதுக்குக் கீழ் எந்தத் தொழிலும் கூடாது என்றாயிற்று. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற சந்து இன்னும் திறந்தே இருக்கிறது.

துன்பம் இடம் மாறியும் போனது. தீப்பெட்டி ஆபீஸ் பஸ் நின்ற பிறகு, பஞ்சாலைக்கு ஆள் பிடிக்க ஏஜண்ட் வந்தான். "சுமங்கலித் திட்டம்" என்று மங்கலகரமான பெயர். மூன்று வருஷம் விடுதியில் அடைந்து உழைத்தால் கல்யாணச் செலவுக்குப் பணம் என்றார்கள். அக்காமாரின் மகள்கள் பலர் அதில் போனார்கள். தீப்பெட்டியின் விலை 2007-ல் ஒரு ரூபாயாகி, பதினான்கு வருஷம் கழித்து 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆயிற்று. அத்தனை வருஷமும் உழைப்பவளின் அரிசி விலை ஒரே இடத்தில் நின்றதா?

வாலிபத் தோழர்களே! பழைய நினைவுகளைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பம்பரத்தை நினையுங்கள், கண்மாயை நினையுங்கள். கங்கு கொடுத்த கைகளை நன்றியோடு நினையுங்கள். ஆனால் நினைவை முழுசாக நினையுங்கள். விளையாட்டுத் திடலில் இல்லாதவர்கள் எங்கே இருந்தார்கள் என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்கிறவனை, "அந்தக் காலத்துக்கே திரும்பிப் போவோம்" என்று யாரும் ஏமாற்ற முடியாது.

அக்காவின் பேத்தி இப்போது நாலாம் வகுப்பு. 2022-ல் வந்த காலை உணவுத் திட்டத்தில் பள்ளிக்கூடத்திலேயே சாப்பிடுகிறாள். சாயங்காலம் வாசலில் பாண்டிக் கட்டம் வரைகிறாள். நாங்கள் போயிருந்த அன்று, "ஆச்சி, நீயும் வா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா போய் நின்றாள். எந்தக் கட்டத்தில் காலை வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. குழந்தைதான் சொல்லிக் கொடுத்தது.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் அம்மாவிடம், அத்தையிடம், அக்காவிடம் ஒன்று கேளுங்கள்: "சின்ன வயசுல நீ என்ன விளையாடுவே?" அவசரப்படாமல், பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.