கைநாட்டுக்கு முன் ஒரு வாசிப்பு

(செப்டெம்பர் 8, சர்வதேச எழுத்தறிவு தினத்தன்று தோட்டத்தில் மாலை நேர வாசிப்பு வகுப்பைத் தொடங்கிவைத்து ஆற்றிய உரை)

தோட்டத் தலைவர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, மலையிலிருந்து நேரே வந்து படங்கைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களே, அக்காமார்களே, பின்னால் நிற்கும் அண்ணன் தம்பிமார்களே!

அந்திக் கொழுந்து நிறுத்து முடியவே நேரமாகிவிட்டது. வீட்டில் அடுப்பு காத்திருக்கிறது என்பதும் தெரியும். அதனால் சொல்ல வந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

நாங்கள் ஆசிரியர் பயிற்சிக்காகக் கல்லூரியில் இருந்த காலத்தில், தமிழ் விரிவுரையாளர் ஒருநாள் ஒரு கட்டுரை கேட்டார். "நீங்கள் எழுதவும் வாசிக்கவும் படித்த கதையை எழுதுங்கள்" என்றார். டவுன் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள் உடனே எழுதத் தொடங்கினார்கள். அப்பா வாங்கித் தந்த கதைப் புத்தகம், அம்மா படுக்கையில் வாசித்துக் காட்டிய கதை என்று பக்கம் பக்கமாகப் போனது. தோட்டங்களிலிருந்து போன நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் காம்பராவில் புத்தகம் ஏது? அரைமணி நேரம் வெறுந்தாளை வைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கடையில் பருப்பும் சீனியும் சுற்றித் தந்த பழைய பேப்பர். அதைக் கிழியாமல் பிரித்து, எண்ணெய்க் கறைக்குள் எழுத்துக்கூட்டினோம். பாதிச் செய்திதான் இருக்கும், மீதி வேறு யார் வீட்டுப் பருப்போடோ போயிருக்கும். கோதுமை மா சாக்கில் அச்சடித்திருந்த எழுத்து. லயத்துச் சுவரில் தாரினால் எழுதிய இலக்கம். தங்கச்சியின் கிளினிக் காட். பஸ்ஸின் நெற்றியில் இருந்த ஊர்ப் பெயர். எங்கள் வாசிகசாலை இவைதான்.

அதற்கும் முன்னால், விஜயதசமியன்று கோயிலில் ஏடு தொடக்கினார்கள். தட்டில் அரிசியைப் பரப்பி, பூசாரி எங்கள் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தார். பூசை முடிந்ததும் அம்மா அந்த அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அன்றிரவே உலையில் போட்டார். எங்கள் முதல் எழுத்தை நாங்களே சாப்பிட்டோம் என்று கட்டுரையில் எழுதினோம். விரிவுரையாளர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். சிலர் சிரித்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் சிரிக்கவில்லை.

ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு விசயத்தை எழுதாமல் விட்டுவிட்டோம். எழுத வெட்கமாக இருந்தது. அதை இன்று இங்கே சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் நாலாம் வகுப்பில் இருந்தபோது, சம்பள நாளில் அம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு போவார். வரிசையில் நின்று, மையில் பெருவிரலை அழுத்தி, சம்பளத்தையும் சீட்டையும் வாங்குவார். வாங்கியதும் முதல் வேலையாக விரலைப் படங்கில் துடைப்பார். மை போனாலும் துடைத்துக்கொண்டே இருப்பார். பக்கத்தில் நாங்கள் தலையைக் குனிந்து நிற்போம். வகுப்புப் பிள்ளை யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று இருக்கும். அம்மாவின் விரலைப் பார்த்து வெட்கப்பட்டோம். அதைத்தான் எழுதாமல் விட்டோம்.

ஒரு மாதம் வீட்டுக்கு வந்து சீட்டை வாசித்துக் காட்டினோம். இத்தனை பேர், இத்தனை ரூபாய், சேமலாப நிதிக்கு இவ்வளவு, சந்தா, தேயிலைத்தூள், கோயில் பணம், தீபாவளி அட்வான்ஸ். அட்வான்ஸ் என்றதும் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அது போன மாசத்தோட முடிஞ்சிருச்சே. திரும்ப வாசி" என்றார். திரும்ப வாசித்தோம். மூன்றாம் தரமும் வாசித்தோம். எழுத்து மாறவில்லை. மறுநாள் தலைவரோடு ஆபீசுக்குப் போனார்கள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, பிழைதான் என்று ஒத்துக்கொண்டு, வெட்டிய காசை அடுத்த சம்பளத்தில் சேர்த்துத் தந்தார்கள். அந்தப் பிழையை யாரும் வேண்டுமென்று செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வாசிக்க ஆள் இல்லாத வீட்டில் அந்தப் பிழை எத்தனை மாதம் ஓடியிருக்கும்? அம்மாவுக்குக் கணக்கு தெரியும். எந்த மாதம் எவ்வளவு வெட்டினார்கள் என்பது அவர் மனதில் இருந்தது. அவருக்கு இல்லாமல் போனது எழுத்து மட்டும்தான்.

தோழர்களே, எழுத்து தெரியாததால் நாம் பட்டது இன்று நேற்று வந்ததல்ல. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், இவன் பேரில் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கலாம் என்று எழுதிய அந்தத் துண்டு வேண்டும். கடன் யாருடையது? தொழிலாளியுடையது. தொகையை எழுதியது யார்? அவர் இல்லை. அவரால் அதை வாசிக்கவும் முடியாது. ஒரு காகிதத் துண்டு ஒரு குடும்பத்தையே கட்டிப்போட்டது. 1921இல்தான் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இந்த நிலைமையை நன்றாக விளங்கிக்கொண்டவர் கோ. நடேசய்யர். புடவை வியாபாரி வேசத்தில் தோட்டத்துக்குள் வந்து நம் ஆட்களின் சீவியத்தைப் பார்த்தவர் அவர். 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தினார், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தார். ஆனால் பத்திரிகையை வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அதனால் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாட்டாகவே பாடிச் செய்தி சொன்னார். எழுத்து போக முடியாத லயத்துக்குள் பாட்டு போனது.

1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. நம் தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்குப் பிறகும் நிருவாகத்தின் கையில்தான் இருந்தன. ஒரு மடுவம், ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்க 1970கள் வரை போனது. இதற்கிடையில் 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. நீ இந்த நாட்டான் என்பதற்குக் காகிதம் காட்டு என்றார்கள். பிறப்பைப் பதியாதவர்கள், பதிந்தும் துண்டைப் பத்திரப்படுத்தத் தெரியாதவர்கள் எங்கே போவார்கள்? 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று நம்மைப் பிரித்தார்கள். அந்த மனுக்களில் என்ன எழுதியிருந்தது என்று வாசிக்காமலே கைநாட்டு வைத்தவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அண்ணன் கப்பலேறினார், தங்கை இங்கே நின்றார். இது கதை இல்லை. இந்தக் கூட்டத்திலேயே அப்படிப்பட்ட வீடுகள் உண்டு.

அதெல்லாம் முடிந்துபோன காலம் என்று நினைக்கவேண்டாம். இந்த வருடம் நடந்ததைக் கேளுங்கள். 38 வருடம் மலை ஏறிய ஒரு அம்மா, ஓய்வு பெற்றபின் தன் சேமலாப நிதியை எடுக்கப் போனார். உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8, நிருவாகத்தின் பங்கு நூற்றுக்கு 12, அந்தக் காசு. நம்பிக்கை நிதிக்கு நிருவாகம் கட்டும் 3 வேறு. போன இடத்தில், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றும் அவருடைய பெயர்தான். ராமாயி என்று அம்மா அப்பா வைத்திருந்தால், ஒருவர் ராமாய் என்று எழுதுகிறார், ஒருவர் ராமையி என்று எழுதுகிறார். இங்கிலீசில் போகும்போது இன்னொரு எழுத்து கூடுகிறது. சத்தியக்கடதாசி, கிராம சேவகர் கடிதம் என்று அவர் அலைந்தது 7 மாதம். காசு கடைசியில் கிடைத்தது. அதற்குள் பஸ்ஸுக்கும் கடிதத்துக்கும் பட்ட கடன் ஒரு பக்கம்.

அவர் எங்களிடம் சொன்னது ஒன்றுதான். "எம் பேர எப்படி எழுதுறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே தப்புன்னு சொல்லியிருப்பேனே, டீச்சர்."

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லவேண்டும். ஆசிரியர்களாகிய நாங்கள் பெற்றோர் கூட்டத்தில், கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாவை எல்லோர் முன்னாலும் மைப்பெட்டியைத் தேடவைத்திருக்கிறோம். சங்கமும் சும்மா இல்லை. அவசரம், பஸ் போய்விடும், "இதில ஒரு கைநாட்டு வைங்கம்மா" என்று எத்தனை காகிதத்தை நீட்டியிருக்கிறோம்! துரையிடம் கேட்கும் நியாயத்தை முதலில் நாம் நம் வீட்டுக்குள் செய்யவேண்டும். ஆகவே தலைவர் அவர்களிடம் இந்தக் கூட்டத்திலேயே கேட்டுக்கொள்கிறோம்: இனிமேல் சங்கத்தின் எந்தப் படிவமானாலும், முழுதாகச் சத்தம்போட்டு வாசித்துக் காட்டியபிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்கவேண்டும்.

இனி வகுப்பைப் பற்றி. செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரையிலிருந்து ஏழரை வரை, பிள்ளைக்காம்பராவில். 'அ'விலிருந்து தொடங்கப்போவதில்லை. முதலில் உங்கள் பெயர். அடையாள அட்டையில் இருக்கிறபடி, எழுத்துக்கு எழுத்து. அடுத்தது சம்பளச்சீட்டு. பிறகு தராசு முள் காட்டும் இலக்கத்தை நீங்களே பார்த்துக் குறித்துவைக்கப் பழகுவோம். அதன்பிறகு கிளினிக் காட், மருந்துப் பைக்கட்டு, பஸ் போட். ஆபீஸ்களில் தமிழில் படிவம் கேட்பதும் ஒரு பாடம். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழ்ப் படிவம் கேட்பது பிச்சை இல்லை, உரிமை.

"இந்த வயசுல எனக்கென்ன படிப்பு" என்று சிலர் சொல்கிறீர்கள். ஒரு கொந்தில் எது அரும்பு, எது முத்தல், எது வங்கி என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் பிரிக்கிறீர்கள். அந்த விரலுக்கு பன்னிரண்டு உயிரெழுத்து பெரிய சுமையா? அண்ணன் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை: அந்த இரண்டு நாளும் உலையை நீங்கள் வையுங்கள். சோறு கொஞ்சம் குழைந்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

எங்கள் அம்மா 52 வயதில் தன் பெயரை எழுதப் பழகினார். பழக்கியது எங்கள் வீட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளை. அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் எழுதிப் பார்த்தார். ஒரு எழுத்து திரும்பி நின்றது, அழித்து மறுபடி எழுதினார். அடுத்த சம்பளத்துக்கு வரிசையில் நின்றபோது மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்கள். அவர் பேனையைக் கேட்டார். பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள், அவர் ஆற அமர எழுதி முடித்தார். அன்று அவர் விரலைத் துடைக்கவில்லை. பக்கத்தில் நின்ற நாங்களும் தலையைக் குனியவில்லை.

செவ்வாய்க்கிழமை வாருங்கள். புத்தகம் கொப்பி எதுவும் வேண்டாம், அதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். அடையாள அட்டையையும் போன மாதத்துச் சம்பளச்சீட்டையும் மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.