கூடையின் எடையும் கட்டடத்தின் எடையும்



சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கூடும் இடம் சிராங்கூன் ரோடு. அதில் ஓவன் ரோடு வந்து சேரும் முனையில் முன்பு ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. கீழே வங்கி, மேலே நியூ வோர்ல்ட் ஹோட்டல். 1986 மார்ச் 15ஆம் திகதி, சனிக்கிழமை முற்பகலில், ஒரு நிமிடத்திற்குள் அது தரைமட்டமாயிற்று. 33 பேர் மாண்டனர். 17 பேரை உயிருடன் மீட்டார்கள். அப்போது அந்நகரில் ரயில் பாதைக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த நிபுணர்களும் ஓடிவந்து, இடிபாட்டுக்குள் வழி குடைந்து கொடுத்தார்கள்.

ஏன் விழுந்தது? கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்று எடை கழிப்பார்கள் அல்லவா? அந்தக் கட்டடத்தின் தூண்களுக்குக் கணக்குப் போட்டவர், கூடைக்கு எடையே இல்லை என்று வைத்துவிட்டார். உள்ளே வரும் ஆட்கள், சாமான்களின் பாரத்தைச் சேர்த்தார். கட்டடத்தின் சொந்தப் பாரத்தைச் சேர்க்கவில்லை. அப்படியும் அது 15 ஆண்டுகள் நின்றது. விழுவதற்குச் சில நாள் முன்பே சில தூண்கள் சக்தியிழந்துவிட்டன. மீதித் தூண்கள் அந்தச் சுமையையும் தாங்கிப் பார்த்தன.

ஐந்து வாரம் கழித்து, ஏப்ரல் 20ஆம் திகதி விடியுமுன், நம் நாட்டில் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கட்டடமானாலும் அணையானாலும் கேள்வி ஒன்றுதான்: பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார்?

சிங்கப்பூர் 1989இல் சட்டம் செய்து விடை சொன்னது. சொந்தக்காரர்தாம். அரசாங்கம் அறிவித்தல் அனுப்பும்; தகுதி பெற்ற பொறியியலாளரைத் தம் செலவில் அமர்த்தி அறிக்கை கொடுக்க வேண்டியவர் அவரே. குடியிருப்பு அடுக்குமாடிகளுக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறை. கடை, ஹோட்டல் முதலியவற்றுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை. வெடிப்பை மட்டுமல்ல, புதிதாகப் பாரம் ஏற்றியிருக்கிறார்களா என்றும் பார்ப்பார்கள். இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டமும், பெரிய அணைகளின் சொந்தக்காரர் ஆண்டுதோறும் பருவமழைக்கு முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும் என்கிறது.

நாம் இருக்கும் லயம் நம் பெயரில் இல்லை. அதைச் சோதிக்கும் கடமையும் நம்முடையதன்று. ஆனால் வெடிப்பை முதலில் காண்பவர் அந்தச் சுவரோரம் படுத்திருப்பவர்தாமே? வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் புதுக் கோடு, புதுத் திகதி.

எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் இரண்டு மாதத்தில் வெடிப்பு ஒரு சாண் ஓடியது. வாயால் சொன்னபோது வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். மறுபடி கோடு போட்டோம். திகதிகளையெல்லாம் எழுதிக் கடிதமாகக் கொடுத்து, பிரதியொன்றை நாங்கள் வைத்துக்கொண்டோம். அடுத்த வாரம் ஏணியோடு ஆள் வந்தார்.