வைரமும் சான்றுத் தாளும்



பிள்ளைகளின் நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் வாங்கத் தோட்டங்களிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு வருவோர் பலர். தங்கம் வாங்குவதில் நம் தாய்மார்களை ஏமாற்றுவது எளிதன்று. 916 முத்திரை இருக்கிறதா, எடை என்ன, கூலி எவ்வளவு என்று கேட்டுவிடுவார்கள். ஆனால் பிள்ளைகள் இப்போது வைர மோதிரம் கேட்கிறார்கள். கடைக்காரர் ஒரு சான்றுத் தாளைக் காட்டியதும் நம் கேள்விகள் நின்றுவிடுகின்றன. கேள்விகள் தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தங்கத்தில் கேரட் என்பது மாற்று. 22 கேரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். வைரத்தில் கேரட் என்பது எடை. ஒரு கேரட் 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். எடையோடு நிறம், தெளிவு, பட்டை தீட்டிய நேர்த்தி ஆகிய மூன்றும் சேர்ந்தே விலையை முடிவு செய்கின்றன.

நம் பாட்டிமார் 'புளூ ஜாக்கர்' தோடு என்று பெருமையாகச் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவில் 1971-இல் மூடப்பட்ட ஒரு சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. இன்றைய சான்றுத் தாள்களில் அப்படி ஒரு தரம் கிடையாது. அவற்றில் நிறத்தை 'டி' முதல் 'இசட்' வரையுள்ள எழுத்துகளால் குறிக்கிறார்கள். 'டி' என்றால் நிறமே இல்லாத கல். எழுத்து தள்ளிப் போகப் போக மஞ்சள் சாயல் கூடும்.

இந்த முறையை வகுத்தது அமெரிக்காவில் 1931-இல் தொடங்கிய ஜி.ஐ.ஏ. என்னும் நிறுவனம். 1975-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ஐ.ஜி.ஐ. தொடங்கியது. வேறு ஆய்வுக்கூடங்களும் உண்டு. எல்லாரும் ஏறக்குறைய அதே எழுத்துகளைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் எல்லாரும் ஒரே கண்டிப்போடு எழுதுவதில்லை.

ஒரே கட்டுரைக்கு ஓர் ஆசிரியர் 80 மதிப்பெண் போடுவார். இன்னோர் ஆசிரியர் 65 போடுவார். தரம் பிரிப்பதும் பெரும்பாலும் கண்ணால் பார்த்துச் சொல்லும் கருத்தே. இ.ஜி.எல். என்ற பெயரில் வந்த தாள்களில் தரம் ஒரே சீராக இல்லை என்று புகார் எழுந்தது. அதனால் ராப்நெட் என்னும் உலக வைர வணிகச் சந்தை, 2014 அக்டோபர் முதல் தேதியிலிருந்து அந்தத் தாள்கள் உள்ள கற்களைத் தன் பட்டியலில் சேர்ப்பதை நிறுத்தியது. வியாபாரிகளே தாளைப் பார்த்து ஒதுங்கினார்கள் என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

இரண்டு கடைகளில் அரை கேரட் கற்களைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தாளிலும் நிறம் 'ஜி' என்றே இருக்கிறது. ஒன்று விலை மிகக் குறைவு. லாபம் என்று எண்ணிவிடாதீர்கள். கண்டிப்பான ஆய்வுக்கூடம் அந்தக் கல்லுக்கு 'ஐ' அல்லது 'ஜே' என்று எழுதியிருக்கலாம். ஆகவே ஒரே ஆய்வுக்கூடத்தின் தாளுள்ள கற்களையே ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். கடைக்காரரே அச்சடித்துத் தரும் அட்டை ஆய்வுக்கூடச் சான்று ஆகாது.

இன்னொன்று. இயந்திரத்தில் வளர்த்த வைரமும் இப்போது விற்பனைக்கு வருகிறது. அது போலி அன்று. ஆயினும் விலை மிகக் குறைவு. தாளில் 'லேபரட்டரி குரோன்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சுரங்க வைரத்தின் விலையை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தாளில் உள்ள எண்ணை ஆய்வுக்கூடத்தின் இணையப் பக்கத்தில் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே சரிபார்க்கலாம். பல கற்களின் விளிம்பில் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டும்படி கேளுங்கள். ஆய்வுக்கூடத்தின் பெயர், சான்று எண், எடை, நிறம், தெளிவு அனைத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பின்னால் தகராறு வந்தால் அந்த ரசீதே உங்கள் சாட்சி. பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி, 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. வழி தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்.

நிறைவாக ஒன்று. அவசரத்துக்கு அடகு வைக்கப் போனால், பெரும்பாலும் மோதிரத்தின் தங்கத்துக்குத்தான் மதிப்பு, கல்லுக்கு அன்று. ஆகையால் குடும்பச் சேமிப்பைத் தங்கத்தில் வையுங்கள். வைரம் ஆசைக்காக என்றால், அந்த ஆசைக்கு ஓர் அளவு குறித்துக்கொண்டு கடைக்குள் நுழையுங்கள். வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த பணம் அது.